டிராக்டர் கவிழ்ந்து உயிர் போவதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
டிராக்டர் உரிமையாளர்கள், ஓட்டுநர்கள் சங்கத்தார்,
வெண்ணாற்றுப் பாசனப் பகுதி.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்
(வழி: வேளாண்மைப் பொறியியல் துறைச் செயற்பொறியாளர் அவர்கள்)

பொருள்: உழவு டிராக்டர்களில் பாதுகாப்பு வளைவு பொருத்துதல், வயல் இறக்கம் அமைத்தல், ஓட்டுநர்களுக்குப் பயிற்சியும் விபத்துக் காப்பும் வழங்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் எங்கள் பகுதியில் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். முதல் போகமான குறுவையை அறுத்த கையோடு இரண்டாம் போகமான தாளடிக்குச் சேறடிக்கும் ஐப்பசியில் நெருக்கடி இன்னும் கூடுதல். அடுத்த மழைக்குள் முடித்தாக வேண்டும் என்று இரவிலும் வண்டி ஓடுகிறது. உழவு மாடு அருகிப்போன ஊர்களில் சேறடிப்பது, வைக்கோல் கட்டுவது, நெல் மூட்டை ஏற்றுவது, கரைக்கு மண் அடிப்பது என எல்லாப் பாரமும் டிராக்டர் மீதுதான். அதை ஓட்டுகிறவர் உயிரைக் காக்க வண்டியில் ஏதும் இல்லை என்பதே எங்கள் முறையீடு.

சேற்றில் வண்டி எப்படிக் கவிழ்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் புதைந்துவிட்டால், அதில் ஒரு கட்டையை வைத்துக் கட்டி, முதல் கியரில் கிளட்சை விடுவது வழக்கம். கட்டை சேற்றில் ஊன்றிப் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் சுற்ற வழியில்லாமல் நிற்க, எஞ்சின் விசை முழுதும் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குகிறது. முன்சக்கரம் எழும்பி, வண்டி பின்னோக்கி ஓட்டுநர் மேலேயே விழ இரண்டு வினாடிகூட ஆகாது. குதித்துத் தப்ப நேரம் ஏது? மர வேரைப் பிடுங்கும்போது, சங்கிலியைக் கீழே இழுவைக் கம்பியில் மாட்டாமல் டாப் லிங்க் (மேல் இணைப்புக் கம்பி) உயரத்தில் மாட்டினாலும் இதுவே நேர்கிறது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் இப்படி இறந்துபோகிறார். ஆகவே ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்று ஒற்றை வரி எழுதிக் கோப்பை மூடுவதை எங்களால் ஏற்க இயலவில்லை.

இதற்குத் தீர்வு எப்போதோ கண்டறியப்பட்டுவிட்டது. இருக்கைக்குப் பின்னால் நிற்கும் உறுதியான இரும்பு வளைவும் (ரோல் பார்) ஒரு சீட் பெல்ட்டும் இருந்தால், கவிழ்ந்த வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஓட்டுநருக்கு உயிர் பிழைக்கும் இடம் கிடைக்கிறது. சுவீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இத்தகைய பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. பின்னர் பழைய வண்டிகளுக்கும் விரிவாக்கியது. அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது அநேகமாக நின்றுபோயிற்று. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறும் இந்திய டிராக்டர்கள் இந்த வளைவோடுதான் போகின்றன. அந்நாட்டு உழவருக்குச் செய்து அனுப்ப முடிந்ததை நம் ஊர் ஓட்டுநருக்குத் தராமலிருக்க ஒரு நியாயமும் இல்லை.

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ் சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிட, பழங்குடி உழவர்களுக்கு 50 விழுக்காடும் ஏனையோருக்கு 40 விழுக்காடும், உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் தரப்படுகிறது. பொதுப்பணத்தில் வாங்கும் வண்டி பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்று அரசு நிபந்தனை விதிக்கலாம். மானியத்தில் வழங்கும் ஒவ்வொரு டிராக்டரிலும் சோதித்துச் சான்று பெற்ற வளைவும் சீட் பெல்ட்டும் கட்டாயம் என அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், இதைத் தொடங்க இதுவே தக்க தருணம். துறை வாடகைக்கு விடும் வண்டிகளில் வளைவு இல்லாதவற்றுக்கு முதலில் பொருத்தினால் மற்றவர்களும் பார்த்து முன்வருவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்குத் தனி மானியம் தேவை. வெயிலுக்குப் போடும் தகரக் கூரையையும், ஊர்ப் பட்டறையில் குழாயை வளைத்துப் பற்றவைத்ததையும் பலர் பாதுகாப்பு என்று நம்பியிருக்கிறார்கள். வண்டியின் எடை விழுந்தால் அவை நசுங்கிவிடும்.

அடுத்து வயல் இறக்கம். சாலையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மட்டம் உயர்கிறது. வயலுக்கு இறங்கும் சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகிறது. வாய்க்காலைக் கடக்கும் சிறு பாலங்கள் பல, மாட்டு வண்டி அகலத்திலேயே நிற்கின்றன. இறக்கத்தில் பக்கவாட்டில் சாய்ந்து வாய்க்காலுக்குள் விழுந்த வண்டிகளை எங்கள் உறுப்பினர்களே மீட்டிருக்கிறார்கள். சாலைப் பணி மதிப்பீட்டிலேயே வயல் இறக்கத்தையும் சேர்க்குமாறு உத்தரவிடக் கோருகிறோம். கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டிச் சாலையைக் கெடுக்க மாட்டோம் என எங்கள் தரப்பில் உறுதி தருகிறோம். சக்கரத்தை வயலோரத்திலேயே கழற்றி மாட்டச் சமதளம் வேண்டும், அவ்வளவுதான்.

வண்டியோடு இணைக்கும் கருவிகளுக்கு விசை தரும் பி.டி.ஓ. தண்டும் ஆபத்தானது. அது நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்பது சுற்று சுழல்கிறது. அதில் கைலியோ புடவைத் தலைப்போ சிக்கினால் கை எடுக்கும் முன் ஆளை இழுத்துவிடும். அதன் பிளாஸ்டிக் உறை உடைந்தால் மாற்று உறை எளிதில் கிடைப்பதில்லை. வட்டந்தோறும் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். டிரெய்லர்களுக்குப் பின்விளக்கும் ஒளிரும் பட்டையும் அறுவடைக்கு முன் முகாம் வைத்துப் பொருத்தித் தர வேண்டும்.

ஓட்டுநர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே வண்டி பழகியவர்கள். வயலில் ஒருபக்கம் திருப்பத் தனித்தனியாக மிதிக்கும் இரண்டு பிரேக்குகளையும் சாலைக்கு வந்ததும் கொக்கியால் இணைக்க வேண்டும் என்பதைக்கூட யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆண்டுதோறும் வைகாசியில், அணை திறக்கும் முன், கூலி இழப்பை ஈடுகட்டும் படியுடன் பயிற்சி தர வேண்டும். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் தகுதியுள்ள ஒவ்வொரு ஓட்டுநரையும் ஊர்தோறும் முகாம் நடத்திப் பதிவுசெய்ய வேண்டும். டிராக்டரின் மட்கார்டில் அமர்ந்து வந்து விழுந்த ஓர் இளைஞரின் குடும்பத்துக்கு, ஓட்டுநர் அல்லாதவர் என்று கூறிக் காப்பீடு மறுக்கப்பட்டது. மட்கார்டில் ஆள் ஏற்றுவதில்லை என்று அதன்பின் எங்கள் சங்கம் முடிவெடுத்துக் கடைப்பிடித்து வருகிறது.

இக்கோரிக்கைகள் குறித்து வேளாண்மைப் பொறியியல், நெடுஞ்சாலை, நீர்வளம், போக்குவரத்துத் துறை அலுவலர்களுடன் எங்கள் பிரதிநிதிகளும் கலந்துகொள்ளும் கூட்டம் ஒன்றைக் குறுவை உழவு தொடங்கும் முன் கூட்டித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்