பீலியில் குடம் வைக்க விடாதவர்களுக்கு



டிசெம்பர் 1 உலக எய்ட்ஸ் தினம். கொழும்பில் கூட்டம் போடுவார்கள், சிவப்பு ரிப்பன் குத்துவார்கள். பொல்பிட்டியப் பக்கத்துத் தோட்டங்களிலோ "அது டவுன்காரன் நோய், நமக்கென்ன" என்ற பேச்சோடு அந்த நாள் போய்விடும். இந்தப் பேச்சை நாங்கள் மறுக்கிறோம். கொழும்புக் கடைகளிலும் கட்டட வேலையிலும் நம் வாலிபர்கள் இருக்கிறார்கள். குவைத்திலும் சவூதியிலும் நம் பெண்கள் வீட்டு வேலை செய்கிறார்கள். தோட்டச் சம்பளம் கட்டுபடியாகாமல் போனவர்கள் இவர்கள். நாடெங்கும் உள்ள கிருமி தோட்டத்து எல்லைக் கல்லைப் பார்த்துத் திரும்பிப் போகாது.

இதைவிடக் கேடான பேச்சும் உண்டு. வெளிநாடு போய் வந்த பெண் நாலு நாள் காய்ச்சலில் படுத்தால் போதும், இஸ்தோப்பில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். பீலியில் அவள் குடம் வைத்தால் முகச்சுளிப்பு. பிள்ளை மடுவத்தில் அவள் பிள்ளைக்குத் தனி மூலை. தீர்ப்புச் சொல்கிறவர்களை ஒன்று கேட்கிறோம்: இலங்கையில் பதிவாகும் புதிய தொற்றுகளில் பெரும்பான்மை ஆண்களுக்கே என்பது தெரியுமா? தீபாவளிக்கு வரும் மகனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவனையும் சந்தேகியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. யாரையும் சந்தேகித்து ஒதுக்கும் உரிமை நமக்கில்லை என்கிறோம்.

விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். எச்.ஐ.வி. ஒரு வைரஸ் கிருமி. மருந்தில்லாமல் அது பல வருடம் உடம்பில் இருந்து எதிர்ப்புச் சக்தியை அழித்தபின் வரும் நிலைதான் எய்ட்ஸ். பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் குத்துவது, தாயிடமிருந்து பிள்ளைக்கு: பரவும் வழிகள் இவைதான். பீலி, கோப்பை, கக்கூஸ், நுளம்பு, கொழுந்துக் கூடை, ஒரே காம்பராவில் படுப்பது, இவற்றால் பரவாது. அரசாங்கம் இலவசமாகத் தரும் மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பல்லாண்டு வேலை செய்து வாழலாம். மருந்தால் இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலமும் அது அடுத்தவருக்குப் போகாது.

"நடத்தை கெட்டவர்களுக்குத்தான் வரும்" என்பவர்கள் டாக்டர் கமலிகா அபேரத்னவை நினைத்துப் பார்க்கட்டும். குழந்தை வைத்தியரான அவருக்கு, 1995 இல் விபத்தில் காயப்பட்டபோது ஏற்றிய இரத்தத்தால் தொற்றியது. மறைக்காமல் நாட்டுக்கே சொன்னார், மற்ற நோயாளிகளுக்காகவும் குரல் கொடுத்தார். வேறு வழியில் தொற்றியவருக்கும் அதே மருந்துதான், அதே மரியாதைதான்.

வதந்தி என்ன செய்யும் என்பதைக் குளியாப்பிட்டியில் பார்த்தோம். தகப்பன் எய்ட்ஸில் இறந்தார் என்ற கதையை நம்பி, ஒரு சிறுவன் பள்ளிக்கூடம் வரக்கூடாது என்று பெற்றோர்கள் எதிர்த்து நின்றார்கள். அவனுக்கு எச்.ஐ.வி. இருக்கவேயில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைக்குக் கல்வி உரிமை உண்டு என்பது 2016 இல் அங்கே உறுதியானது. பள்ளிக்கூடத்துக்கு உள்ள நியாயம் பிள்ளை மடுவத்துக்கும் உண்டு.

பரிசோதனை அவமானமில்லை. கர்ப்பிணி கிளினிக்கில் இரத்தம் கொடுத்த நம் தாய்மாரைக் கேளுங்கள். அந்தப் பரிசோதனையும் மருந்தும்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்ற உலக சுகாதார அமைப்பின் சான்றை 2019 இல் இலங்கைக்கு வாங்கித் தந்தன. ஆனால் மற்றவர்கள் என்ன செய்வது? நுவரெலியாவிலோ கண்டியிலோ உள்ள அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக்கில் இலவசமாக, இரகசியமாகப் பார்க்கலாம்தான். பொல்பிட்டியவிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும். எதற்குப் போனாய் என்று துரையும் கேட்பார், கங்காணியும் கேட்பார். இலவச வைத்தியம் ஒரு நாள் சம்பளத்தைத் தின்றால் அது எப்படி இலவசம்?

அரபு நாட்டில் பரிசோதனையில் தொற்றுத் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஏஜென்சிக்காரன் கையைக் கழுவிக்கொள்கிறான். நாமும் கழுவிக்கொண்டால் அவள் எங்கே போவாள்?

ஆகவே நாம் கோருவது:

1. கிளினிக் போகும் நாளுக்குக் காரணம் கேட்காமல் சம்பளத்தோடு லீவு.

2. தோட்ட மருந்தகத்துக்கே வந்து இரத்தம் பார்க்கும் நடமாடும் சேவை, தமிழில் பேசும் ஆலோசகரோடு.

3. வேலைக்குப் பேர் பதிய யாரும் எச்.ஐ.வி. ரிப்போர்ட் கேட்கக்கூடாது. தொற்றைக் காட்டி யாரையும் நிறுத்தக்கூடாது. சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 2010 ஆம் ஆண்டு 200 ஆம் இலக்கப் பரிந்துரையும் இதையே சொல்கிறது.

4. தொழிலாளியின் நோய் விபரத்தை வெளியே விடும் உத்தியோகத்தர் மீது நடவடிக்கை.

இவை நிர்வாகத்திடமும் அரசாங்கத்திடமும் கேட்பவை. தோட்டக் கமிட்டித் தலைவர்மாரே, மாதர் சங்கத் தலைவிமாரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். ஒருவரைப் பீலியிலிருந்து விரட்டும் செய்தி வந்தால், நீங்கள் உங்கள் குடத்தை எடுத்துப் போய் அவர் குடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சந்தா கட்டும் ஒருவரைக்கூடக் கைவிடாததற்குப் பெயர்தான் சங்கம்.