ஒரு சொல், ஒரு கதை: கேட்டது இன்றைய சாப்பாடா, நாளைய சாப்பாடா?

இயேசு தன் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம், கான்வென்ட்டில் படித்த பலருக்கும் மனப்பாடம். அதில் சாப்பாடு கேட்கும் ஒரு வரி வரும். தமிழில் கத்தோலிக்கர்கள் அங்கே 'அனுதின' உணவு என்கிறார்கள். புராட்டஸ்டன்ட்டுகளின் பைபிளிலோ 'வேண்டிய' ஆகாரம். ஏன் இந்த வித்தியாசம்?

காரணம், ஒரே ஒரு கிரேக்கச் சொல். 'எபியூசியோஸ்'! மத்தேயு, லூக்கா இருவரும் எழுதிய இந்த ஜெபத்தில் மட்டுமே பைபிளில் இது வருகிறது. கிரேக்கத்தில் அப்பம் 'அர்டோஸ்'. 'அப்பத்தை' என்றால் 'அர்டோன்'. கூடவே அதன் அடைமொழியும் மாறும் என்பதால், ஜெபத்தில் 'எபியூசியோன்' என்று இருக்கும்.

சரி, அர்த்தம்? 3-ம் நூற்றாண்டு அறிஞர் ஓரிகன், 'மக்கள் பேச்சில் இல்லாத சொல். நற்செய்தி எழுதியவர்களே உருவாக்கியிருக்க வேண்டும்' என்றார். லத்தீனில் பைபிளைத் தந்த ஜெரோம், லூக்காவில் 'தினசரி' என்றும், மத்தேயுவில் 'பொருளுக்கு மேலான' என்றும் ஒரே சொல்லை இரண்டு விதமாக மொழிபெயர்த்தார்!

1889-ல் ஒரு நம்பிக்கை பிறந்தது. எகிப்தில் கிடைத்த பழைய பாப்பிரஸ் செலவுக் கணக்கு ஒன்றில் இந்தச் சொல் இருப்பதாக வெளியிட்டார்கள். பிறகு அந்த பாப்பிரஸே காணாமல்போனது. 1998-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அது மீண்டும் கிடைத்தபோது, உற்றுப் பார்த்தால்... அது 'எலயூ'. அதாவது, எண்ணெய்!

'பிழைக்கத் தேவையான' என்பது ஒரு விளக்கம். 'வரும் நாளுக்கான' என்பது இன்னொன்று. 'மறுநாள்' என்பதற்கு பைபிளின் அப்போஸ்தலர் நூலில் வரும் 'எபியூசா' இதற்குச் சாட்சி. எபிரேயர் நற்செய்தி என்ற பழைய நூலில் இந்த இடத்தில் 'மஹர்', அதாவது 'நாளை' என்று இருந்ததாக ஜெரோமே எழுதியிருக்கிறார்.

ஆனால், நாளையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று அதே மத்தேயு 6-ம் அதிகாரம்தானே முடிகிறது? முரணாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. அது அன்றாடக் கூலியில் பிழைத்தவர்களின் காலம். நாளைய அப்பம் இன்றே கையில் இருந்தால்தானே, அவர்களால் கவலையில்லாமல் தூங்க முடியும்?

நீங்கள் எந்த அர்த்தத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள்?