காய்கறி லாரி வாங்குமுன் டிரைவர் படுக்கும் இடத்தைப் பாருங்கள்

ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் தக்காளி, முருங்கை, கத்தரி பயிரிடும் சிறு விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்து சரக்கு வண்டி வாங்கி, விளைபொருளை நேரே சென்னை கோயம்பேட்டுக்கு அனுப்ப நினைப்பது நியாயமானதே. வாடகை லாரிக்காகக் காத்திருந்து, பறித்த தக்காளி களத்திலேயே கனிந்துபோகும் நஷ்டத்தை அவர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் வண்டி வாங்கப் போகிறவர்கள் எத்தனை டன் ஏற்றலாம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், முன்பணம் எவ்வளவு என்று மூன்றையும் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரவு முழுதும் அதை ஓட்டப் போகும் மனிதன் எங்கே படுப்பான் என்ற கேள்வியைக் கேட்பவர் அரிது.

ஒட்டன்சத்திரத்திலிருந்து கோயம்பேடு ஏறக்குறைய 450 கிலோமீட்டர். லோடு ஏற்றிய வண்டி, டீக்கடை, சுங்கச்சாவடி எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 45 கிலோமீட்டர் போனால் 10 மணி நேரப் பயணம். மாலை 6 மணிக்குப் புறப்பட்டால் விடியற்காலை 4 மணிக்குச் சேரும். கடைசி மூன்று மணி நேரம், அதாவது திண்டிவனம் தாண்டிச் செங்கல்பட்டு வழியாக வரும் வேளை, மனித உடல் தூக்கத்தை மிகுதியாகக் கேட்கும் வேளையாகும். விடிவதற்குள் மண்டியில் சரக்கு இறங்காவிட்டால் விலை போய்விடும் என்ற அவசரமும் அப்போதுதான் டிரைவரின் கழுத்தைப் பிடிக்கிறது. பல கிராமங்களில் அந்த டிரைவர் குழு உறுப்பினர் ஒருவரின் மகனாகவே இருப்பான் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இரவு ஓட்டுவதைவிட மறுநாள் பகலில்தான் தொல்லை அதிகம். சரக்கை இறக்கி, சீட்டு வாங்கி, காலி கிரேட்டுகளை எண்ணி ஏற்ற முற்பகல் ஆகிவிடும். பிறகு தூங்கலாம் என்றால், சித்திரை வெயிலில் கேபின் கூரை தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும். அங்கே புரண்டு கிடந்துவிட்டு மாலையில் ஸ்டியரிங்கைப் பிடிப்பவனுக்கு முதல் நாள் தூக்கமும் பாக்கி, அன்றைய தூக்கமும் பாக்கி. வங்கிக் கடன் பாக்கியைப் போல இதுவும் வட்டியோடு ஏறும்.

எந்த வண்டி வாங்குவது? 2005-இல் டாடா ஏஸ் வந்தது முதல் சிறு சரக்கு வண்டிகள் கிராமங்களில் பெருகிவிட்டன. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குப் பர்மிட் தேவையில்லை என்பதும் ஒரு கவர்ச்சி. தோட்டத்திலிருந்து 30, 40 கிலோமீட்டரில் உள்ள சந்தைக்கு இவை மிகவும் ஏற்றவை. நிமிர்ந்து உட்காரவே இடம் போதாத அந்தக் கேபினில் ஒருவனை உட்காரவைத்துச் சென்னைக்கு அனுப்புவது தகாது.

மற்றொரு கோடியில், வரத்து மிகுந்த காலத்தை மனத்தில் வைத்துப் பெரிய லாரி வாங்குகிறார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமாக இரவுக்கு 4 டன்னும், வரத்துக் காலத்தில் 9 டன்னும் சேரும் என்று வைத்துக்கொள்வோம். 9 டன்னுக்கு வண்டி வாங்கினால் ஆண்டின் பெரும்பகுதி பாதி காலியாக ஓடும், மீதி இடத்தை நிரப்ப மூன்று ஊர் சுற்றி லோடு பிடிக்க நேரும், புறப்பாடு பிந்தும், பிந்திய நேரத்தை டிரைவர் வேகத்தால் ஈடுகட்டுவான். வழக்கமான லோடுக்கு மட்டும் வண்டி வாங்கி, வரத்துக் காலத்தில் வாடகை லாரி பிடிப்பதே சிக்கனம். தக்காளிக் கிரேட் ஒன்றில் 25 கிலோ பிடித்தால் 4 டன்னுக்கு 160 கிரேட். காலிக் கிரேட்டின் எடையே 300 கிலோவை எட்டும். அதையும் சேர்த்தே தாங்குதிறனைக் கணக்கிட வேண்டும்.

பாடியைப் பற்றி ஒரு வார்த்தை. காய்கறி மூச்சு விடும் பொருள். சூடு 10 டிகிரி ஏறினால் அந்த வேகம் இரண்டு, மூன்று மடங்காகும். எனவே பக்கங்களில் இடைவெளி விட்ட பலகை அடைப்பும், வளைவுக் கம்பி மேல் தூக்கிக் கட்டிய தார்ப்பாயும் நல்லது. குளிர்பதனப் பெட்டி வைத்த வண்டி, முன்கூட்டியே குளிர்வித்த சரக்கின் குளிர்ச்சியைக் காப்பாற்றுமே தவிர, வயல் சூட்டோடு ஏற்றிய தக்காளியைச் சீக்கிரம் குளிர்விக்காது. அந்தப் பணத்தில் கேபினைக் கவனிக்கலாம்.

ஸ்லீப்பர் கேபின் என்று விலைப்பட்டியலில் போட்டிருந்தால் மட்டும் போதாது. அவசரச் சரக்கு ஏற்றும் லாரிகளில் இருவர் மாறி மாறி ஓட்டும் வழக்கமுள்ள அமெரிக்காவில், படுக்கை குறைந்தது 75 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் இருக்க வேண்டும் என்றும், வண்டி ஓடும்போது படுத்திருப்பவர் உருண்டு விழாமல் தடுக்க வார் வேண்டும் என்றும் விதி உண்டு. நம் நாட்டிலும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தேசியப் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர்களையும், மாற்று டிரைவர் நீட்டிப் படுக்க இருக்கையையும் கேட்டன. இரண்டு டிரைவர் நிபந்தனை பின்னாளில் தளர்த்தப்பட்டது. விதி தளர்ந்தாலும் மனிதனுக்குத் தூக்கம் வேண்டியதுதான். நாளுக்கு 8 மணி வேலை, 5 மணிக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்ற அளவு 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதப்பட்டது.

ஆகவே இரண்டாவது டிரைவர் வீண் செலவன்று. ஒரு நடைக்கு அவருக்கு 1,200 ரூபாய் என்று வைத்தால், 4 டன் லோடில் கிலோவுக்கு 30 காசு விழும். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை இலகு ரக உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியதால் ஆள் கிடைப்பதும் எளிதாயிற்று. ஆனால் உரிமம் இருப்பதாலேயே இரவு நெடுஞ்சாலைப் பழக்கம் வந்துவிடாது. புதியவரைச் சில நடைகள் பழையவரோடு அனுப்பிப் பழக்க வேண்டும்.

1-10-2025 முதல் தயாரான நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏர்கண்டிஷன் கட்டாயம். பழைய வண்டி வாங்குவோர் அதை எதிர்பார்க்க முடியாது. புதிய வண்டியிலும் பொதுவாக என்ஜின் ஓடினால்தான் அது வேலை செய்யும். பகல் தூக்கத்துக்காக என்ஜினை ஓடவிடுவது டீசலுக்கும் கேடு, அடைப்பான இடத்தில் புகையால் உயிருக்கும் கேடு. இரு பக்க ஜன்னலுக்கும் கொசுவலை, பேட்டரியில் ஓடும் சிறு விசிறி, கூரைக்கு உட்புறம் வெப்பத் தடுப்பு ஆகியவற்றைக் கேட்டுப் பொருத்திக்கொள்ளலாம். இதைவிட மேலான வழி, ஒரே மண்டிக்கு அனுப்பும் இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்து கோயம்பேட்டருகே ஓர் அறையை மாத வாடகைக்கு எடுப்பது. ஆறு மணி நேரம் காற்றோட்டமாகப் படுத்தவன் திரும்பும் வழியில் கண் செருக மாட்டான்.

வண்டி பார்க்கப் போகும் உறுப்பினர்கள் டிரைவரையும் அழைத்துச் சென்று, அந்தப் படுக்கையில் கால் நீட்டிப் படுக்கச் சொல்ல வேண்டும். முழங்கால் மடங்கினால் வேறு வண்டி பார்க்கலாம். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது இரண்டாவது டிரைவருக்கும் கிளீனருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாலிசியைப் பிரித்துப் படித்துப் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.