காலி நாற்காலிக்கு மட்டும்தான் கெடுவா?

எம்.எல்.ஏ. ஒருவர் இறந்துபோனால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தணும் என்பது சட்டம். எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்து விக்கிரவாண்டி, 2019, 2024 என்று ஐந்தே வருஷத்தில் இரண்டு இடைத்தேர்தலைப் பார்த்துவிட்டது. 2024 ஏப்ரலில் உறுப்பினர் புகழேந்தி காலமானார். ஜூலை 10-ல் ஓட்டுப்பதிவே முடிந்தது.

இடையில், ஜூன் மாதம்தான் எங்கள் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன்பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் நிலையை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அந்த மலை சங்கராபுரம் தொகுதியைச் சேர்ந்தது. அங்கே நாற்காலி காலியாக இல்லையே!

நாற்காலி காலியானால் மந்திரிகள் வீதி வீதியாக வர்றாங்க. மலைக் கிராமத்துக்கு ரோடும், பிழைக்க ஒரு வழியும் தருவதற்கும் இப்படி ஆறு மாதக் கெடு வைத்தால் என்ன, சகோதரிகளே?

- ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி