பொத்தான் எங்கே?

கம்ப்யூட்டர் திரை அழகாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. கைக்கு வசதியாகவும் இருக்க வேண்டும். இதற்கு ஒரு கதை உண்டு. உண்மைக் கதை!

அமெரிக்காவில் உள்ள மைக்ரோசாப்ட் கம்பெனி, 1995-ம் ஆண்டில் "விண்டோஸ் 95"-ஐ வெளியிட்டது. திரையின் கீழே, இடது மூலையில் ஒரு பொத்தான். அதில் "ஸ்டார்ட்" என்று எழுதி இருந்தது. "தொடங்கு" என்று பொருள். எந்த வேலையையும் அங்கே தொடங்கலாம். கம்ப்யூட்டரை நிறுத்தவும் அதே பொத்தான்தான். 17 ஆண்டுகள் மக்கள் இதற்குப் பழகிவிட்டார்கள்.

2012-ம் ஆண்டு அக்டோபர் மாதம் "விண்டோஸ் 8" வந்தது. திரை முழுவதும் வண்ண வண்ணக் கட்டங்கள். கண்ணைப் பறிக்கும் அழகு! ஆனால், பொத்தானைக் காணோம்!

கம்ப்யூட்டரை நிறுத்த வழி தெரியாமல் பலர் திண்டாடினார்கள். மவுசை நகர்த்தி, அம்புக்குறியைத் திரையின் மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்போதுதான் மறைந்திருந்த படங்கள் எட்டிப்பார்க்கும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? விரலால் தொட்டு இயக்கும் கருவிகள் பெருகிவந்த காலம் அது. பெரிய கட்டங்கள் விரலுக்கு வசதி. மவுஸ் பிடித்த கைக்கோ தொல்லை!

முடிவு என்ன? 2013-ல் வந்த "விண்டோஸ் 8.1"-ல் பொத்தான் திரும்பி வந்தது. அதை அழுத்தினால் விரியும் பழைய மாதிரிப் பட்டியல், 2015-ல் "விண்டோஸ் 10"-ல்தான் வந்தது.

புதுமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1995-ல் அந்தப் பொத்தானும் புதுமைதான். அது வழியைக் காட்டியது. 2012-ல் வந்த புதுமை, வழியை மறைத்தது. வித்தியாசம் அதுதான்.

இது நம் வீட்டுக் கதையும்கூட. இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு தாய், செல்போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொள்ளுகிறார். ஒருநாள் காலையில் திரை மாறிவிடுகிறது. அவர் என்ன செய்வார்? போனை அடுத்தவர் கையில் கொடுப்பார். ரகசிய எண்ணையும் சொல்லிவிடுவார். இது ஆபத்து அல்லவா?

கம்பெனிக்காரர்களே! புதிய திரையை, அதை முன்பின் பார்க்காத ஒருவரிடம் முதலில் கொடுங்கள். "பணம் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் திணறினால், குற்றம் அவர் மீது அல்ல, திரை மீது!

வாசலுக்குத் தோரணம் கட்டலாம். தோரணத்தால் வாசலையே மூடிவிடக் கூடாது!