வாய் திறவாப் பாட்டு

பழைய மாணவர் விழா மலரொன்றிலே மேனாட்டு றொக் இசைப் பாட்டைப் பற்றி எழுதப் புகுவது, அதிலும் தமிழாசிரியர் ஒருவர் எழுதப் புகுவது, அன்பர் சிலருக்கு வியப்பாகவும் வேறு சிலருக்கு வெறுப்பாகவும் இருக்கக்கூடும். பண்ணும் பதிகமும் ஒலிக்கவேண்டிய இடத்திலே கிற்றார் ஓசைக்கு என்ன வேலை என்று வினவுவோர்க்கு யாம் கூறும் விடை ஒன்றே. அப்பாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூவரைப் பற்றியது. பள்ளிப்பிள்ளைகளைப் பற்றி எவர் எம்மொழியிற் பாடினும் அதனை ஒருமுறையேனும் செவிமடுத்தல் ஆசிரியராயினார்க்குக் கடன் என்று கருதுகின்றோம்.

பாட்டின் பெயர் ‘ம்ம்ம் ம்ம்ம் ம்ம்ம் ம்ம்ம்’ என்பது. அச்சுப்பிழை அன்று, பெயரே அதுதான். கனடா நாட்டின் மனிற்றோபா மாகாணத்து வின்னிப்பெக் நகரிலே தோன்றிய ‘கிறாஷ் ரெஸ்ற் டம்மீஸ்’ என்னும் குழுவினர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட இசைத்தொகுப்பில் இஃது இடம்பெற்றது. குழுவின் பெயரும் விந்தையானதே. மோட்டார் வண்டிகளை வேண்டுமென்றே மோதவிட்டுச் சோதிக்கும்போது ஆசனத்தில் இருத்தப்படும் மனிதவடிவப் பொம்மைகளையே அது குறிக்கும். பாட்டை இயற்றியவரும் பாடியவரும் பிறாட் றொபேட்ஸ் என்பவர். வின்னிப்பெக் பல்கலைக்கழகத்திலே ஆங்கில இலக்கியம் பயின்றவர். அவர் குரல் மிகத் தாழ்ந்த குரல். ஆழக் கிணற்றின் அடியில் நின்று ஒருவர் பேசுவது போன்ற அக்குரலைக் கேட்டு முதலிற் சிரியாதவர் அரியர்.

1994ஆம் ஆண்டிலே இப்பாட்டுப் பிரித்தானிய விற்பனை வரிசையில் 2ஆம் இடத்தையும், அமெரிக்கப் பில்போட் வரிசையில் 4ஆம் இடத்தையும், ஜேர்மனியிலும் அவுஸ்திரேலியாவிலும் முதலிடத்தையும் பெற்றது. பிறந்த நாடாகிய கனடாவிலோ முதற் பத்துக்குள்ளும் நுழையவில்லை. உள்ளூரில் விலைபோகாத சரக்கு வெளியூரில் விலைபோதல் புதிதன்று.

அப்பாட்டு உலகைச் சுற்றிவந்த அந்த ஆண்டில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக் கொண்டு வானொலி கேட்ட காலம் அது. அவ்வாறு கேட்கப்பட்டது செய்தியேயன்றி வின்னிப்பெக் நகரத்துப் பாட்டன்று. ஆதலின் எம் வயதினர் பலர் இதனைப் பிந்தியே அறிந்தோம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் தமது கைத்தொலைபேசியில் எமக்கு இதனைக் கேட்பித்தார். ஒரு வேடிக்கையென்றே கேட்பித்தார்.

இனிப் பாட்டின் பொருளைக் கூறுவோம். முதலாம் பிள்ளை ஓர் ஆண்பிள்ளை. வீதி விபத்தொன்றிற் சிக்கிப் பள்ளிக்கு வாராதிருந்து, திரும்பி வந்தபோது அவனது கருமயிர் வெண்மயிராக மாறியிருந்தது. வண்டிகள் மோதிய கடுமையினால் அவ்வாறாயிற்று என்று அவன் காரணம் கூறினான். இரண்டாம் பிள்ளை ஒரு பெண். மற்றைப் பெண்களோடு உடைமாற்றும் அறைக்குள்ளே செல்ல மறுத்தவள். ஈற்றில் அவளை வற்புறுத்தியபோது மேனியெங்கும் பிறவி மறுக்கள் இருத்தலைக் கண்டனர். அவற்றுக்கு அவளாற் காரணம் கூற இயலவில்லை. அவை என்றும் இருந்தவை, அவ்வளவே. மூன்றாம் பிள்ளை ஓர் ஆண்பிள்ளை. பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு வருதல் வேண்டும் என்பது அவன் பெற்றோரின் கட்டளை. அவர்கள் வழிபடச் செல்லும் தேவாலயத்திலோ ஆவேசமுற்று நடுங்கித் தரையெங்கும் துள்ளுவர். இவனாலும் காரணம் கூற இயலவில்லை. என்றும் அங்கேயே போய்வந்தனர்.

ஒவ்வொரு பிள்ளையின் கதை முடிவிலும் பாடகர் வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இசைக்கின்றார். பல்லவியென்று சொல்லத்தக்கது அதுவே; வேறு சொல் இல்லை.

இதனையே பலர் குற்றமாக எடுத்துரைத்தனர். கிறாமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட இப்பாட்டை, அமெரிக்காவின் ‘பிளெண்டர்’ என்னும் இசை இதழ் 2004ஆம் ஆண்டில் மிக மோசமான 50 பாடல்கள் என்ற தனது பட்டியலிலே சேர்த்தது. சொல் கிடையாமையால் முனகினார் என்பதே எம்மவரிடத்தும் யாம் கேட்ட கருத்து. அக்கருத்தோடு யாம் உடன்படுகின்றிலேம்.

சொல் கிடையாதவர் அல்லர் அவர். மூன்று பிள்ளைகளின் நிலையைச் சில வரிகளுக்குள் அடக்கிக் காட்டத் தெரிந்தவருக்குப் பல்லவிக்கு நான்கு சொல் கிடையாமற் போகுமா? கிடைத்திருக்கும் சொற்கள் எவையென்று எண்ணிப் பார்க்க. “ஐயோ பாவம்” என்று பாடியிருக்கலாம். கேட்போர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தத்தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பர். “பிள்ளைகளே, எவரையும் இகழாதீர்” என்று பாடியிருக்கலாம். பாட்டுப் பரிசளிப்பு விழாச் சொற்பொழிவாகியிருக்கும். இவ்விரண்டும் செய்யாது, வாயை மூடி, ஆனால் ஓசையை விடாது நின்றதே அவரது திறமை என்போம்.

எமது துறையைச் சற்று நுழைக்க அன்பர்கள் இடந்தருக. மகரமெய் இதழ் இரண்டும் பொருந்தப் பிறப்பது, அரைமாத்திரை அளவினது, தனித்து மொழிமுதல் வாராதது. ஆயினும் நன்னூலார் ஒற்றளபெடை கூறுமிடத்து, செய்யுளில் ஓசை குறைந்தவழி அளவு நீண்டொலிக்கும் பதினோரெழுத்துள் மகரத்தையும் சேர்த்தார்; அதுவும் முன்னே குறிலெழுத்து இருப்பின். வின்னிப்பெக் நகரத்தாருடைய மகரமோ முன்னே உயிர் இல்லாமலே நீள்கின்றது. இலக்கணப்படி வழு. ஆயினும் ஓசை குறைந்த இடத்தை நிரப்ப ஒற்று நீளும் என்று கண்ட எம் இலக்கணத்தார், சொல் குறைந்த இடத்தில் அது நீள்வதைக் கேட்டால் முழுதும் வெறுத்திருப்பர் என்று யாம் எண்ணவில்லை.

இலக்கணம் ஒருபுறம் இருக்க, எம் வீடுகளிலே இவ்வோசைக்கு ஒரு தொழில் உண்டு. கதை சொல்லும் பாட்டிக்கு “உம்” கொட்டுதல் அத்தொழில். கொட்டாவிடின் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். உம் கொட்டுவதிலே உடன்பாடும் இல்லை, மறுப்பும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கின்றேன் என்பது மாத்திரம் உண்டு. இப்பாட்டிலே கதை சொல்பவரே தம் கதைக்கு உம் கொட்டுகின்றார். சொல்லி முடித்ததும் எழுந்து சென்று கேட்போர் வரிசையிலே அமர்ந்துவிடுகின்றார் போலும்.

இப்பாட்டின் மெட்டை எடுத்து, ‘வியேட் அல்’ யங்கோவிக் என்னும் அமெரிக்க நகைச்சுவைப் பாடகர் அதே 1994ஆம் ஆண்டிலே ஒரு கேலிப்பாட்டு இயற்றினார். பள்ளிப்பிள்ளைகளின் இடத்தில் அக்காலச் செய்தித்தாள்களிலே அடிபட்டவர்களின் கதைகளை அமைத்தார். சிங்கப்பூரிலே பிரம்படித் தண்டனை பெற்ற அமெரிக்க இளைஞனின் கதை அவற்றுள் ஒன்று. கேட்டோர் யாவரும் இன்னார் என்று உடனே அறிந்து சிரித்தனர். மூலப்பாட்டிலோ எவரென்று அறிய வழியில்லை. அன்பின் ஐந்திணையில் மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் சுட்டாத இடத்திலேதான் கேட்பவன் தன்னை அங்கே வைத்துப் பார்க்க முடியும். அகமும் புறமும் ஒரே மெட்டில் அமைந்தன என்று வகுப்பிலே சொன்னால் மாணவர் மகிழ்வர்.

பாட்டு முழுவதையும் யாம் புகழ்கின்றோம் என்று கொள்ளற்க. மெட்டிலே மாற்றம் குறைவு. இருமுறை தொடர்ந்து கேட்பார்க்குச் சலிப்புத் தட்டும். தேவாலயக் காட்சியிலும் எமக்கு ஒரு வினா உண்டு. திருவிழாவிலே உரு ஏறி ஆடுவோரைக் கண்டு வளர்ந்த எமக்கு, வழிபாட்டில் நடுங்கித் துள்ளுதல் விசித்திரமாகத் தோன்றவில்லை. அஃது அந்நாட்டார் கண்ணுக்கு விசித்திரம். அவனது துன்பம் துள்ளலில் அன்று, பள்ளி விட்டதும் நேரே வீட்டுக்கு என்ற கட்டளையிலே இருப்பதாக எமக்குப் படுகின்றது. மணி அடித்த பின்பு மைதானத்தில் நின்று கதைக்கும் அரைமணி நேரமே ஒரு பிள்ளை பள்ளியிலே பெறும் உண்மையான தோழமை. அது அவனுக்கு இல்லை. எமது ஊரிலோ இம்மூன்றாம் பிள்ளை தனி ஒருவன் அல்லன். பள்ளியிலிருந்து நேரே வீடு, வீட்டிலிருந்து நேரே தனியார் வகுப்பு என்று ஓடுவோர் யாவரும் அவனே. அவர்களைக் கேளுங்கள், அவர்களாலும் காரணம் கூற இயலாது. என்றும் போய்வருகின்றனர்.

பாட்டின் நடுவே வரும் ஒரு செய்தியை இதுவரை கூறாது வைத்திருந்தோம். தமக்கினும் இடர்ப்பட்ட ஒருவன் இருக்கின்றான் என்று அறிந்து முதல் இருவரும் மகிழ்ந்தனர் என்கின்றது பாட்டு. இவ்வளவு கசப்பான உண்மையை இத்துணை எளிமையாகச் சொல்லும் பாட்டுக்களை யாம் மிகுதியாகக் கேட்டதில்லை. துன்பப்பட்ட பிள்ளை இயல்பாகவே இரக்கம் உடைய பிள்ளையாகும் என்பது எம்மனோர் பலருடைய நம்பிக்கை. அவ்வாறு ஆவதும் உண்டு. ஆனால் இகழப்பட்டவன், இகழ்வதற்கு வேறொருவன் வந்து சேர்ந்ததும் மூச்சு விடுகின்றான் என்பதை வகுப்பறையிலே நின்றவர் எவரும் மறுக்கார். புதிய மாணவன் ஒருவன் திக்கிப் பேசத் தொடங்கும்போது, வகுப்பிலே முதலிற் சிரிப்பவன் யாரென்று கவனித்துப் பார்க்க. பெரும்பாலும் அது நேற்றுவரை சிரிக்கப்பட்டவனே.

இடப்பெயர்வின் பின்னர் 1996ஆம் ஆண்டிலே வகுப்புக்குத் திரும்பிய எம் தோழர் சிலரும் போனபடி திரும்பவில்லை. உடம்பிலே அடையாளத்தோடு வந்தவர் சிலர். அடையாளம் ஏதுமின்றி, பேச்சை மாத்திரம் எங்கோ விட்டுவிட்டு வந்தவர் சிலர். அவர்களுக்கு அறிவுரை கூறியோர் பலர் இருந்தனர். உம் கொட்டுவதற்கு ஆள் இருந்திலர்.

இவ்விடத்திலே பழைய மாணவ அன்பர்களிடம் ஒன்று கேட்க விரும்புகின்றோம். இம்மலரின் ஆசிரியர் குழுவினர் பொறுத்தருள்க. கல்லூரி மலர்களிலே நினைவலைகள் எழுதுவோர் பலர் தம் வகுப்புத் தோழரின் பட்டப்பெயர்களை வரிசையாக அடுக்குதல் ஒரு வழக்காயுளது. ஆசிரியருக்கு இட்ட பெயர்களைப் பற்றி யாம் பேசவில்லை. அது எம் தொழிலோடு வரும் வரி. காலை இழுத்து நடந்தவனுக்கும், கன்னத்தில் மறு உடையவனுக்கும், மழைநாளில் ஈர உடுப்போடே வந்தவனுக்கும் இட்ட பெயர்கள் முப்பது ஆண்டுகளின் பின்னும் அச்சேறுகின்றன. எழுதுபவர் அன்பினாலேயே எழுதுகின்றார் என்பதில் ஐயமில்லை. ஒன்றுகூடல்களிலும் அப்பெயர்களைக் கூறியே சிரிக்கின்றனர். ஆனால் அப்பெயருக்கு உரியவர் அம்மண்டபத்தில் இருக்கின்றாரா என்று சுற்றிப் பார்ப்பவர் சிலரே. அவர் இலண்டனில் இருப்பதால் வரவில்லை என்பர். இலண்டனிலும் ஒன்றுகூடல் நடக்கின்றது; அங்கும் அவர் வருவதில்லை. இனிவரும் மலர்களில் அவ்வரிசையை விட்டுவிடலாம் என்பது எம் கருத்து. பக்கம் குறையுமாயின் விளம்பரத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சென்ற தவணையிலே தரம் 10 மாணவருக்கு இப்பாட்டின் கதையைக் கூறி, ஒரு பயிற்சி கொடுத்தோம். வகுப்பிலே இருக்கக்கூடிய ஒரு பிள்ளையைப் பற்றிப் பத்து வரிகள் எழுதுக; பெயர் சுட்டாதே; அறிவுரை கூறாதே. முப்பத்தொருவர் எழுதினர். இருபத்தொன்பதின்மர் ஒன்பதாம் வரி வரை அழகாகச் சென்று, பத்தாம் வரியில் “ஆகவே நாம் அனைவரும்” என்று தொடங்கிவிட்டனர். பரீட்சைக் கட்டுரை அவர்களைப் பழக்கிய பழக்கம் அது. எஞ்சிய இருவருள் ஒருவன் எழுதிய பிள்ளை, சித்திரை வெயிலிலும் நீண்ட கைச்சட்டை அணிந்து வருகின்றான். விளையாட்டு வேளையிலும் கையை மடித்து விடுவதில்லை. தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் போன பின்பே முகம் கழுவுகின்றான். ஏன் என்று எழுதப்படவில்லை. பத்துக்கு ஒன்பது புள்ளி இட்டோம். எழுத்துப்பிழை ஒன்று இருந்தது.