விடாத இருமல்... விடை உங்களிடமே இருக்கலாம்!

"ஒரு மாசமா இருமல் நிக்கவே இல்லை டாக்டர். மூணு சிரப் மாத்திப் பார்த்தாச்சு. எக்ஸ்ரேவும் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைனுட்டாங்க. ஆனா, ராத்திரியானா புள்ள தூங்கவே மாட்டேங்குது..."

குழந்தைகள் நல மருத்துவரின் அறை வாசலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், இந்தப் புலம்பலை ஒரு முறையாவது கேட்டுவிடலாம். பக்கத்தில் பாட்டி இருந்தால், "எல்லாம் சளிதான், ஆடாதோடை கொடுத்தா சரியாப் போயிடும்" என்பார். எதிர் நாற்காலியில் இருப்பவர், "எங்க பையனுக்கு ஒரு சிரப் கொடுத்தோம், ரெண்டே நாள்ல நின்னுடுச்சு" என்று பெயரை எழுதியே கொடுப்பார்.

ஒன்றை முதலில் புரிந்துகொள்வோம். இருமல் என்பது நோயல்ல. மூச்சுப்பாதையில் இருக்கக் கூடாத ஒன்று இருந்தால், அதை வெளியே தள்ள உடம்பு எடுக்கும் முயற்சி. அது சளியாக இருக்கலாம், புகையாக இருக்கலாம், ஒரு வேர்க்கடலையாகக்கூட இருக்கலாம். அது எது என்று கண்டுபிடிக்காமல் இருமலை மட்டும் அடக்கப் பார்ப்பதில் பயனில்லை.

அதைக் கண்டுபிடிக்க ஸ்கேனைவிட, ரத்தப் பரிசோதனையைவிட அதிகம் உதவுவது பெற்றோர் கவனித்துச் சொல்லும் விவரங்கள்தான். மருத்துவர் குழந்தையைப் பார்ப்பது பத்து நிமிடம். நீங்கள் பார்ப்பது இருபத்து நான்கு மணி நேரம்.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

எல்.கே.ஜி. போகும் குழந்தைக்கு வருடத்துக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொரு சளியிலும் இருமல் நாம் நினைப்பதைவிட நீளமாகவே இருக்கும். பாதிக் குழந்தைகளுக்கு 10 நாளில் அடங்கிவிடும். பத்தில் ஒன்பது பேருக்கு அடங்க 25 நாள் வரை ஆகலாம். அதற்குள் வகுப்பிலிருந்து அடுத்த சளி வந்துவிட்டால், மூன்று மாதமாக ஒரே இருமல் என்று தோன்றும்.

ஆகவே யோசித்துப் பாருங்கள். நடுவில் ஒரு வாரமாவது இருமலே இல்லாமல் இருந்ததா? இருந்தது, எடையும் ஏறுகிறது, விளையாட்டும் குறையவில்லை என்றால் பெரும்பாலும் அவை அடுத்தடுத்து வந்த சளிகள். கவலை வேண்டாம். இடைவெளியே இல்லாமல் 4 வாரம் தாண்டிவிட்டால், அதை 'நாள்பட்ட இருமல்' என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. அப்போது காரணம் தேடியே ஆக வேண்டும். வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்தாலோ, இருமலோடு காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தாலோ அந்த 4 வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும் முன் கீழே உள்ள நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. எப்படி ஆரம்பித்தது?

சளி, மூக்கொழுகல் என்று மெதுவாக வந்ததா? இல்லை, நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று புரையேறி, மூச்சுமுட்ட இருமியதா? எந்த நாளில், எந்த நிமிடத்தில் ஆரம்பித்தது என்று சொல்ல முடிகிற இருமல் என்றால், முதல் சந்தேகம் மூச்சுக்குழாயில் சிக்கிய பொருள் மீதுதான்.

ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் இது அதிகம். கடைவாய்ப் பற்கள் முழுமையாக வந்திருக்காது. ஓடிக்கொண்டே சாப்பிடும், சிரித்துக்கொண்டே விழுங்கும். வேர்க்கடலை, பட்டாணி, சீத்தாப்பழ விதை, புளியங்கொட்டை, பேனா மூடி, பொம்மைக்குள் இருக்கும் குட்டி எல்.இ.டி. பல்பு என்று எது வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. முதலில் பயங்கரமாக இருமும். பிறகு பொருள் உள்ளே ஓர் இடத்தில் தங்கிவிட்டால் குழந்தை அமைதியாகிவிடும். 'வெளியே வந்துடுச்சு' என்று நாமும் மறந்துவிடுவோம். சில நாள் கழித்து இருமல், ஒரு பக்கம் மட்டும் வீசிங், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் நிமோனியா என்று தலைகாட்டும். வேர்க்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே முழுக்க இயல்பாகவும் இருக்கலாம். அதனால்தான், "மூணு வாரம் முன்னாடி கடலை சாப்பிடும்போது ஒரு தடவை புரையேறிச்சு" என்ற உங்களின் ஒரு வரி, ஃபிலிமைவிட முக்கியமானது. அந்த வரியை வைத்துத்தான் மருத்துவர் பிராங்கோஸ்கோப்பி செய்ய முடிவெடுப்பார். மயக்க மருந்து கொடுத்து, குழாய் வழியே பார்த்துப் பொருளை எடுத்துவிட்டால் பெரும்பாலும் இருமல் அதோடு தீர்ந்தது.

'தொக்கம் எடுப்பது' மூச்சுக்குழாயில் சிக்கியதை எடுக்காது. போன நாட்கள்தான் மிச்சம். 4 வயது வரை முழு வேர்க்கடலை வேண்டாம். பொடித்தோ, அரைத்தோ கொடுங்கள்.

2. சத்தம் எப்படி இருக்கிறது?

சளி கட்டிய இருமலா, வறட்டு இருமலா? சிறு குழந்தைகள் சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள். அதனால் 'சளி வரலையே' என்று சொல்லாமல், நெஞ்சில் கரகரவென்று கேட்கிறதா என்று கவனியுங்கள்.

தினமும் சளி இருமல், 4 வாரத்துக்கு மேல், மற்றபடி குழந்தை நன்றாக இருக்கிறது என்றால், மூச்சுக்குழாயில் பாக்டீரியா தங்கிவிட்டிருக்கலாம். இதற்குப் பொருத்தமான ஆன்டிபயாடிக்கை முழுதாக இரண்டு வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். மூன்று நாள் கொடுத்து, 'பரவாயில்லை' என்று நிறுத்தினால் திரும்ப வரும். இதைக் கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் மூச்சுக்குழாயே நிரந்தரமாகச் சேதமடையலாம்.

மூச்சுவிட இடமில்லாமல் அடுக்கடுக்காக இருமி, முகம் சிவந்து, கடைசியில் 'ஊப்' என்று மூச்சை இழுத்து வாந்தி எடுத்தால் அது கக்குவான் இருமலாக இருக்கலாம். மாதக்கணக்கில் நீடிக்கும். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 6, 10, 14 வாரங்களில் போட்டது மட்டும் போதாது. ஒன்றரை வயதையொட்டியும், 5 வயதுக்கு மேலும் போடும் பூஸ்டர்கள் விட்டுப்போயிருக்கின்றனவா?

பள்ளிக்கூடம் போகும் வயதில் இன்னொரு வகை உண்டு. வாத்து கத்துவதுபோல் உரத்த இருமல், பகலெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் வரும். ஆனால், தூங்கியதும் சுத்தமாக நின்றுவிடும். இது பழக்க இருமல். குழந்தை நடிக்கவில்லை, திட்டாதீர்கள். பொறுமையாகப் பேசி, இருமல் வரும்போது வெந்நீரை மெல்லப் பருகப் பழக்கி, பயிற்சியால் சரிசெய்யக்கூடியது. இது தெரியாமல் மாதக்கணக்கில் மருந்து குடிக்கும் குழந்தைகள் உண்டு.

3. எப்போது வருகிறது?

விடியற்காலையில், ஓடியாடிய பின், சிரித்தால், குளிர்காற்று பட்டால் வறட்டு இருமல், கூடவே வீசிங், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆஸ்துமா என்றால் குழந்தைக்கும் அதைச் சந்தேகிக்கலாம். 5, 6 வயதுக்கு மேல் என்றால் ஊதச் சொல்லி நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி உதவும். சிறு குழந்தைக்குச் சில வாரம் இன்ஹேலர் கொடுத்துப் பார்த்து, நிறுத்தியும் பார்ப்பார்கள். கொடுத்தபோது குறைந்து, நிறுத்தியதும் திரும்பினால் விடை கிடைத்துவிடும். எந்த மாற்றமும் இல்லையென்றால், மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் வேறு காரணம் தேட வேண்டும். வீசிங்கே இல்லாத வெறும் இருமல் எல்லாம் ஆஸ்துமா அல்ல.

"இன்ஹேலர் பழகிடுமே?" என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பழகாது. சிரப்பில் மருந்து மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கப் போகிறது. இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் நேராக நுரையீரலுக்குப் போகிறது.

பால் குடிக்கும்போதெல்லாம் இருமுகிற கைக்குழந்தை என்றால், விழுங்குவதிலோ, உணவுக்குழாயிலோ கோளாறு இருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இரவு இருமலுக்கு நம் ஊரில் அடிக்கடி சொல்லும் பெயர் 'ஈஸ்னோபீலியா'. யானைக்கால் நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவுக்கு எதிராக நுரையீரல் காட்டும் ஒவ்வாமையால் வருவது ஒன்று உண்டு. வெய்ங்கார்ட்டன் என்ற மருத்துவர் 1943-ல் இதை ஒரு தனி நோயாகவே விவரித்தார். ரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் மிக அதிகமாக இருக்கும், அதற்கென்று மாத்திரையும் உண்டு. ஆனால், வயிற்றுப் பூச்சி, அலர்ஜி இருந்தாலும் இந்த அணுக்கள் ஓரளவு கூடும். லேப் ரிப்போர்ட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் இருக்கிறது என்பதாலேயே நோய் முடிவாகிவிடாது.

4. வீட்டில் என்ன இருக்கிறது? யார் இருக்கிறார்கள்?

பல வீடுகளில் விடை படுக்கையறையிலேயே இருக்கும். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைப்பதற்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் குழந்தை தூங்குகிறது. குளிப்பாட்டியதும் தலைக்குக் காட்டும் சாம்பிராணி, பூஜையறை ஊதுவத்தி, மொட்டைமாடியில் அப்பா பிடித்துவிட்டு வரும் சிகரெட் எல்லாம் சேரும். இரண்டு வாரம் இவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கொசுவலை கட்டிப் பாருங்கள். காசில்லாத பரிசோதனை இது.

அடுத்து, தயங்காமல் கேட்க வேண்டியது: வீட்டில் வேறு யார் இருமுகிறார்கள்? 'தாத்தாவுக்கு சிகரெட் இருமல்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். குழந்தைகளுக்கு டி.பி. பெரும்பாலும் கூடவே இருக்கும் பெரியவரிடமிருந்துதான் வருகிறது. தாத்தா, சித்தப்பா, வீட்டு வேலைக்கு வருபவர், டியூஷன் டீச்சர் என்று யாராகவும் இருக்கலாம். பிறந்ததும் போட்ட பி.சி.ஜி. ஊசி, மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான டி.பி.யிலிருந்து காக்கும். நுரையீரல் டி.பி. வரவே வராது என்று அது உறுதி தராது.

டி.பி. என்ற சொல்லைக் கேட்டதும், 'எங்க குடும்பத்துல அதெல்லாம் இல்லை' என்று விவரத்தை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைத்தால் அடிபடுவது குழந்தைதான். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். சளி துப்பத் தெரியாத குழந்தைக்கு, அதிகாலையில் வெறும் வயிற்று நீரை எடுத்துப் பரிசோதிப்பார்கள். மருந்து சரியாகச் சாப்பிட்டால் குணமாகிற நோய் இது. சந்தேகம் கேட்க 1800-11-6666 என்ற இலவச எண் இருக்கிறது.

சிரப்பை நிறுத்துவது ஏன் முக்கியம்?

2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்தில், இருமல் மருந்து குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சாதாரண சளி, காய்ச்சலுக்குத்தான் அந்த மருந்தைக் கொடுத்திருந்தார்கள். அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். பரிசோதித்தபோது, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை ரசாயனம் 48.6 சதவிகிதம் இருந்தது. 2022-ல் காம்பியா நாட்டிலும் இதே நஞ்சு கலந்த சிரப்களால் 60-க்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள்.

எல்லா சிரப்பும் நஞ்சு என்று சொல்ல வரவில்லை. நல்ல சிரப்கூடச் சிறு குழந்தையின் இருமலுக்குப் பெரிதாக உதவுவதில்லை என்பதுதான் விஷயம். 2 வயதுக்குக் கீழ் இருமல் - சளி மருந்து கொடுக்கக் கூடாது, 5 வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் நாமே கேட்டு வாங்குவதை இன்றோடு விடுவோம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் இதமாக இருக்கும். ஒரு வயதுக்குக் கீழ் தேன் கூடவே கூடாது. மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும்.

போன் கையில்தானே இருக்கிறது?

மருத்துவர் முன்னால் குழந்தை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், ஒரு தடவைகூட இருமாது. அதனால் இரவில் இருமும்போது அரை நிமிட வீடியோ எடுத்துவிடுங்கள். சட்டையைத் தூக்கி, நெஞ்சு தெரியும்படி எடுங்கள். சத்தமும் கேட்கும், விலா ஒட்டுகிறதா என்பதும் தெரியும். பழைய மருந்துச்சீட்டுகள், எக்ஸ்ரே, தடுப்பூசி அட்டை, எடை குறித்த பக்கம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்கள். மருத்துவரை மாற்றினாலும் அந்தப் பை மாறக் கூடாது.

இவை இருந்தால் மறுநாள் என்று நினைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்: மூச்சு வாங்குவது, விலா ஒட்டுவது, உதடு நீலமாவது, இருமலில் ரத்தம், பால் குடிக்க முடியாமல் போவது, திடீரென்று புரையேறியபின் நிற்காத இருமல், 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த இருமலும். எடை குறைவது, இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், விரல் நுனிகள் உருண்டு தடிப்பது ஆகியவற்றையும் அந்த வாரத்திலேயே காட்டிவிட வேண்டும்.

அடுத்த முறை மருத்துவர், "எத்தனை நாளா இருமல்?" என்று கேட்டால், "ரொம்ப நாளா" என்று சொல்லாதீர்கள். ஆரம்பித்த தேதி, சத்தம், நேரம், வீட்டு நிலவரம் என்று நான்கையும் சொல்லுங்கள். பாதி வைத்தியம் அங்கேயே முடிந்துவிடும்.

(அடுத்த வாரம்: குழந்தைக்குக் காய்ச்சல்... எப்போது பதறலாம், எப்போது பொறுக்கலாம்?)